எம்.பி.எச். படிக்க விரும்புவோருக்கு: சேர்க்கை முதல் ஆய்வேடு வரை முழுமையான வழிகாட்டி

பொது சுகாதார முதுகலைக்கு, அதாவது எம்.பி.எச். படிப்புக்கு விண்ணப்பிப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கல்லூரியின் பெயரைப் பார்க்கிறார்கள். அடுத்து கட்டணம், பிறகு கடைசித் தேதி. பாடத்திட்டத்தை வாசிப்பது சேர்ந்த பிறகுதான். இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும். கடைசி செமஸ்டரில் மாணவர் எதைச் செய்து காட்டினால் பட்டம் தருகிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். எந்தக் கல்லூரி, எந்தச் சிறப்புப் பிரிவு, விண்ணப்பத்தோடு அனுப்பும் நோக்க அறிக்கையில் என்ன எழுதுவது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை அங்கேதான் இருக்கிறது.

பல் மருத்துவம், நர்சிங், பிசியோதெரபி, பார்மசி, எம்.பி.பி.எஸ்., சித்த மருத்துவம் முடித்தவர்களும், புள்ளியியலும் சமூகப்பணியும் படித்தவர்களும் இந்தப் படிப்பை நோக்கி வருகிறார்கள். வழிகாட்டி முழுக்க ஒரே ஒரு கற்பனை மாணவியை எடுத்துக்கொள்வோம். பி.டி.எஸ். முடித்தவர், தர்மபுரி மாவட்டப் பள்ளிகளில் பல் பரிசோதனை முகாம்களில் வேலை பார்த்தவர், பிள்ளைகளின் பற்களில் ஃபுளோரைடு கறையை, அதாவது குடிநீரில் ஃபுளோரைடு அதிகமானால் வரும் கறையை, பார்த்துப் பழகியவர்.

இது எந்தப் பட்டம், எந்தப் பட்டம் அல்ல

இங்கே குழப்பம் அதிகம், அதற்குக் கொடுக்கும் விலையும் அதிகம். சமூக மருத்துவத்தில் எம்.டி. என்பது எம்.பி.பி.எஸ். முடித்து, நீட் முதுநிலைத் தேர்வு எழுதிச் சேரும் மூன்றாண்டுப் படிப்பு. அதை ஒழுங்குபடுத்துவது தேசிய மருத்துவ ஆணையம். எம்.பி.எச். அந்த ஆணையத்தின் வரம்புக்குள் வராது. அது பல்கலைக்கழகப் பட்டம். எனவே ‘ஆணைய அங்கீகாரம் உண்டா’ என்று கேட்பதில் பொருளில்லை. பட்டம் தரும் பல்கலைக்கழகம் பல்கலைக்கழக மானியக் குழுவின் பட்டியலில் இருக்கிறதா, படிப்பு நேரடியானதா தொலைநிலையா, களப்பயிற்சி எங்கே நடக்கிறது ஆகிய மூன்றையும் கேளுங்கள்.

வேலை பற்றியும் ஆரம்பத்திலேயே தெளிவு வேண்டும். தமிழ்நாட்டில் பொது சுகாதாரத்துக்கெனத் தனி இயக்குநரகம் 1922-லேயே வந்துவிட்டது. 1939-இல் பொது சுகாதாரச் சட்டமும் வந்தது. இந்த அமைப்பில் மாவட்ட சுகாதார அலுவலர் போன்ற பதவிகள் பொது சுகாதாரத் தகுதி பெற்ற மருத்துவர்களுக்கு உரியவை. பி.டி.எஸ்., நர்சிங் முடித்து எம்.பி.எச். பெற்றவர் அந்தப் பதவிக்குப் போக முடியாது. அவருக்குத் திறந்திருக்கும் வாசல்கள் வேறு: தேசிய சுகாதார இயக்கத்தின் ஒப்பந்தப் பணிகள், ஐ.சி.எம்.ஆர். எனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வுத் திட்டங்கள், தொண்டு நிறுவனங்கள், மருத்துவமனைத் தர மேலாண்மை, மருந்து நிறுவனங்களின் ஆய்வுப் பிரிவுகள். ஒப்பந்தப் பணி அறிவிப்புகளில் ‘எம்.பி.எச்.’ என்று போட்டிருந்தாலும், அடிப்படைப் பட்டம் எதுவாக இருக்க வேண்டும் என்று அடுத்த வரியில் இருக்கும். சேர்வதற்கு முன்பே, நீங்கள் விரும்பும் பதவிக்கு வந்த பழைய அறிவிப்புகள் ஐந்தாறைத் தேடி எடுத்து அந்த அடுத்த வரியைப் படியுங்கள்.

பாடத்திட்டம் எப்படிக் கட்டப்படுகிறது

நீண்ட காலமாக எம்.பி.எச். ஐந்து தூண்களில் நின்றது: உயிர்ப்புள்ளியியல், எபிடெமியாலஜி எனும் நோய்ப்பரவலியல், சுற்றுச்சூழல் சுகாதாரம், சுகாதாரக் கொள்கையும் நிர்வாகமும், சமூக - நடத்தை அறிவியல். இந்தியாவில் பல கல்லூரிகளின் முதலாண்டு இன்றும் இப்படித்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் பொது சுகாதாரப் பள்ளிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் குழு, சி.இ.பி.எச்., 2016-இல் இந்த அமைப்பை மாற்றியது. ஐந்து பாடங்களை நடத்தினால் போதும் என்ற நிலை போய், மாணவர் 22 அடிப்படைத் திறன்களைச் செய்து காட்ட வேண்டும் என்ற நிலை வந்தது. சான்றுகளைக் கையாளுதல், சுகாதார அமைப்புகள், திட்டமிடலும் நிர்வாகமும், கொள்கை, தலைமைத்துவம், தொடர்பாடல், பிற துறையினரோடு சேர்ந்து இயங்குதல், அமைப்புச் சிந்தனை என்று எட்டுப் பிரிவுகளில் அவை வருகின்றன. அதற்கு மேல் சிறப்புப் பிரிவுக்குக் குறைந்தது ஐந்து திறன்கள். மொத்தம் குறைந்தது 42 செமஸ்டர் கிரெடிட்.

இதில் கவனிக்க வேண்டியது ஒரு நிபந்தனை: ஒவ்வொரு திறனையும் கற்பித்தால் மட்டும் போதாது, அதை ஒவ்வொரு மாணவரிடமும் தனித்தனியாக மதிப்பிட்டதற்குக் கல்லூரி சான்று காட்ட வேண்டும். ஆறு பேர் சேர்ந்து செய்த குழு அறிக்கையில் ஒருவர் புள்ளிவிவரத்தைத் தொடவே இல்லை என்றால், அவருக்கு அந்தத் திறன் வந்ததாகக் கணக்கில்லை. நீங்கள் சேரப்போவது இந்தியக் கல்லூரியாக இருந்தாலும் இதே கேள்வியைக் கேட்கலாம். ‘இந்தப் பாடத்தில் நான் தனியாகச் செய்து ஒப்படைப்பது என்ன?’ விடை ‘இன்டர்னல் தேர்வும் செமினாரும்’ என்பதோடு நின்றுவிட்டால், அங்கே கற்றுக்கொள்வது குறைவாகவே இருக்கும்.

கிரெடிட் எண்களை நாடு விட்டு நாடு ஒப்பிடும்போது கவனம் தேவை. பிரிட்டனில் முதுகலை 180 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேர உழைப்பு. ஆக 1800 மணி நேரம். அமெரிக்காவில் ஒரு கிரெடிட்டுக்கு வகுப்பும் வீட்டு வேலையும் சேர்த்து ஏறத்தாழ 45 மணி நேரம் என்று வைத்தால் 42 கிரெடிட்டுக்கு 1890 மணி நேரம். பிரிட்டனின் ஓராண்டுப் படிப்பும் அமெரிக்காவின் ஈராண்டுப் படிப்பும் உழைப்பில் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஓராண்டுப் படிப்பில் இழப்பது நடுவில் வரும் கோடை விடுமுறையை, அதாவது வெளி நிறுவனத்தில் வேலை செய்து பழகும் மாதங்களை. முன்அனுபவம் உள்ளவருக்கு அது பெரிய இழப்பல்ல. கல்லூரியிலிருந்து நேராக வருபவருக்கு அதுவே பெரிய இழப்பு.

சேர்வதற்கு முன் உங்களைச் சோதித்துக்கொள்ள இரண்டு கணக்குகள்

‘மக்களோடு வேலை செய்யப் பிடிக்கும், கணக்கு வராது’ என்று சொல்லி இந்தப் படிப்பில் சேர்பவர்கள் முதல் செமஸ்டரிலேயே திணறுகிறார்கள். படிப்பின் முதுகெலும்பு கணக்குதான். அது கடினமான கணக்கல்ல. கவனமாகச் சிந்திக்க வேண்டிய கணக்கு.

முதல் கணக்கு. ஓர் ஊரில் 10,000 பேர். ஒரு நோய் அவர்களில் 1 சதவீதத்தினருக்கு இருக்கிறது. பரிசோதனை, நோயுள்ளவர்களில் 90 சதவீதத்தினரைச் சரியாகக் கண்டுபிடிக்கும். நோயற்றவர்களில் 95 சதவீதத்தினரைச் சரியாக விட்டுவிடும். ‘பாசிட்டிவ்’ என்று வந்த ஒருவருக்கு உண்மையில் நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? நோயுள்ள 100 பேரில் 90 பேர் பாசிட்டிவ். நோயற்ற 9,900 பேரில் 5 சதவீதம், அதாவது 495 பேரும் பாசிட்டிவ். மொத்தம் 585 பேரில் 90 பேருக்குத்தான் நோய். சுமார் 15 சதவீதம். முகாம் நடத்தி எல்லோரையும் பரிசோதிப்பது ஏன் எப்போதும் நல்லதல்ல என்பது இந்த ஒரு கணக்கில் தெரிந்துவிடுகிறது.

இரண்டாவது, நம் தர்மபுரி மாணவியுடையது. அவர் 500 பள்ளிப் பிள்ளைகளைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடிக்கும் 200 பேரில் 80 பேருக்குப் பற்கறை, 40 சதவீதம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் குடிக்கும் 300 பேரில் 30 பேருக்கு, 10 சதவீதம். நான்கு மடங்கு வித்தியாசம். ‘ஆழ்துளைத் தண்ணீரால் ஆபத்து நான்கு மடங்கு’ என்று எழுதிவிடலாமா?

எழுதக் கூடாது. பல்லின் எனாமல் உருவாகும் வயதில், பெரும்பாலும் பிறப்பு முதல் எட்டு வயதுக்குள், குடித்த தண்ணீர்தான் கறைக்குக் காரணம். இன்று வீட்டில் குடிக்கும் தண்ணீரைக் கேட்டு எழுதினால், சிறுவயதில் வேறு தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளை தவறான கட்டத்தில் விழும். ஒகேனக்கல் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. அந்தப் பிள்ளையின் தெருவுக்குக் குழாய் எப்போது வந்தது என்பது வேறு கேள்வி. இந்தத் தவறு நடந்தால் உண்மையான வித்தியாசம் சுருங்கியோ விரிந்தோ தெரியும். போதாததற்கு, ஒரே நேரத்தில் எடுத்த கணக்கில் கிடைப்பது பரவலின் விகிதம். புதிதாக நோய் வரும் ஆபத்தின் விகிதம் அல்ல.

இந்த இரண்டு கணக்குகளைப் படித்து உங்களுக்கு ஆர்வம் கூடினால் இந்தப் படிப்பு உங்களுக்கானது. சலிப்பு வந்தால் மருத்துவமனை நிர்வாகம், சுகாதாரத் தொடர்பாடல் போன்ற கிளைகளைப் பாருங்கள். அவையும் நல்ல துறைகளே.

களப்பயிற்சியும் இறுதிப் படைப்பும்

அமெரிக்க விதிப்படி களப்பயிற்சியில் மாணவர் குறைந்தது இரண்டு படைப்புகளை உருவாக்க வேண்டும். அவை அந்த நிறுவனத்துக்குப் பயன்பட வேண்டும். குறைந்தது ஐந்து திறன்களைக் காட்ட வேண்டும், அவற்றில் குறைந்தது மூன்று அடிப்படைத் திறன்களாக இருக்க வேண்டும். அடுத்தது படிப்பின் இறுதியில் வரும் ஒருங்கிணைந்த படைப்பு: ஆய்வேடாகவோ கொள்கை அறிக்கையாகவோ திட்ட மதிப்பீடாகவோ இருக்கலாம், ஆனால் தரமான எழுத்து வடிவில் இருந்தாக வேண்டும்.

இந்தியாவில் களப்பயிற்சியின் தரம் கல்லூரிக்குக் கல்லூரி மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சில இடங்களில் மாணவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், பதிவேடுகளைப் படமெடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். வேறு சில இடங்களில் நோய்த்தாக்கம் நடக்கும் ஊருக்கே அனுப்பி விசாரிக்கச் சொல்வார்கள். எது எப்படி என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கடந்த இரண்டு ஆண்டு மாணவர்களின் ஆய்வேட்டுத் தலைப்புகளைக் கேட்டு வாங்குங்கள். ‘கல்லூரி மாணவிகளிடையே ... பற்றிய அறிவு, மனப்பான்மை, நடைமுறை’ என்ற வகைத் தலைப்பே பத்தில் எட்டாக இருந்தால், அங்கே களம் இல்லை என்று பொருள். கைக்கு எட்டிய மாணவர்களிடமே படிவத்தைக் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். தலைப்புகளில் ஊர்ப் பெயர்களும் திட்டப் பெயர்களும் நோய்ப் பெயர்களும் கலந்து வந்தால் நம்பிக்கையோடு மேலே விசாரிக்கலாம்.

எங்கே படிப்பது

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் 1997-இல் எம்.பி.எச். தொடங்கியது, இந்தியாவில் முன்னோடி அது. சென்னை அயப்பாக்கத்தில் உள்ள ஐ.சி.எம்.ஆர். தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் 2001-இல் கள நோய்ப்பரவலியல் முதுகலையைத் தொடங்கி, பிறகு எம்.பி.எச். ஆக வளர்த்தது. அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு ஏற்றது அது. வகுப்பும் களமும் மாறி மாறி வரும். புதுச்சேரி ஜிப்மரிலும் காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்.மிலும் மணிப்பாலிலும் காந்திநகர் இந்தியப் பொது சுகாதார நிறுவனத்திலும் எம்.பி.எச். இருக்கிறது. எந்தெந்தப் பட்டதாரிகளைச் சேர்க்கிறார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும்; அந்தந்த ஆண்டுக்கான விளக்கக் குறிப்பேட்டை மட்டும் நம்புங்கள்.

வெளிநாடு என்றால், மூன்றாண்டு பி.எஸ்சி. படித்தவர்கள் முதலிலேயே பார்க்க வேண்டிய தடை ஒன்றுண்டு. பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நான்காண்டு இளங்கலைக்கு இணையான தகுதியை எதிர்பார்க்கின்றன. பி.டி.எஸ்., பி.எஸ்சி. நர்சிங், பி.பி.டி., பி.பார்ம். படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. பிரிட்டனில் மூன்றாண்டுப் பட்டமே வழக்கம் என்பதால் அங்கே இந்தக் கேள்வி பொதுவாக எழுவதில்லை.

உதவித்தொகைகளில் பிரிட்டன் அரசு தரும் செவனிங்குக்குக் குறைந்தது ஈராண்டு, அதாவது 2,800 மணி நேரப் பணி அனுபவம் தேவை. அமெரிக்காவில் படிக்கத் தரும் ஃபுல்பிரைட் - நேரு முதுகலை உதவித்தொகைக்கு மூன்றாண்டு. இரண்டுக்குமே படிப்பு தொடங்குவதற்குக் கிட்டத்தட்ட ஓராண்டு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். இன்டர்ன்ஷிப் முடித்த கையோடு விண்ணப்பிப்பவருக்கு இவை கிடைக்காது. இரண்டு மூன்று ஆண்டு வேலை பார்த்துவிட்டுப் போவது பணத்துக்கும் நல்லது, படிப்புக்கும் நல்லது.

ஆவணங்கள்: பின்னாலிருந்து எண்ணுங்கள்

அமெரிக்காவில் ஆகஸ்டில் வகுப்பு தொடங்குகிறது என்றால், பல கல்லூரிகளின் முதல் காலக்கெடு முந்தைய டிசம்பர், ஜனவரியில் வரும். பெரும்பாலான பொது சுகாதாரப் பள்ளிகள் சோஃபாஸ் என்ற பொது விண்ணப்ப இணையதளம் வழியாகத்தான் சேர்க்கின்றன. ஒரே விண்ணப்பத்தைப் பல கல்லூரிகளுக்கு அனுப்பலாம்; கட்டணம் கல்லூரிக்குக் கல்லூரி கூடும். இந்தியப் பட்டத்துக்குப் பாடவாரியான மதிப்பீடு வேண்டும், அதை டபிள்யூ.இ.எஸ். நிறுவனம் செய்கிறது. அதற்கான மதிப்பெண் விவரத் தொகுப்பு உங்கள் பல்கலைக்கழகத்திடமிருந்து நேராக அவர்களுக்குப் போக வேண்டும். நீங்களே நகலெடுத்து அனுப்பினால் ஏற்க மாட்டார்கள்.

தாமதமாவது பெரும்பாலும் இங்கேதான். தமிழ்நாட்டில் நர்சிங், பல் மருத்துவம், பிசியோதெரபி படித்தவர்கள் கிண்டியில் உள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, கல்லூரியிலிருந்து தேவைப்படும் சான்றுகளையும் வாங்க வேண்டியிருக்கும். முந்தைய ஆண்டு ஆகஸ்டிலேயே தொடங்கினால் நவம்பருக்குள் மதிப்பீடு கையில் இருக்கும். நவம்பரில் தொடங்கினால் அந்த ஆண்டு நழுவக்கூடும். உங்கள் சதவீதத்தை நீங்களாகவே அமெரிக்கர்கள் பயன்படுத்தும் நான்கு புள்ளி அளவுக்கு மாற்றி எழுதாதீர்கள். நம் பல்கலைக்கழகத்தில் முதல் வகுப்பான 62 சதவீதத்தை வெறும் கணக்கில் மாற்றினால் அங்கே மிகக் குறைந்த மதிப்பெண் போலத் தெரியும். அதைச் சரியாக எடைபோடத்தான் மதிப்பீடு.

பெயர் விஷயம் தமிழர்களுக்கே உரிய தலைவலி. பட்டச் சான்றிதழில் ‘ரா. கவிதா’, பாஸ்போர்ட்டில் பெயர்க் கட்டத்தில் ‘கவிதா’, குடும்பப் பெயர்க் கட்டம் காலி, ஆங்கிலத் தேர்வுப் பதிவில் தந்தை பெயர் பின்னால். மூன்றும் மூன்று ஆட்களாகக் கணினிக்குத் தெரியும். குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக உள்ள பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசாவில் உங்கள் பெயரையே குடும்பப் பெயராக வைத்து, முதற்பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யு.’ (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சிடுவார்கள். வங்கிக் கணக்கு, காப்பீடு, பட்டம் வரை அது பின்தொடரும். எதற்கும் விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டில் இரண்டு கட்டங்களையும் நிரப்பித் திருத்திக்கொள்ளுங்கள். பிறகு தேர்வுப் பதிவு, சோஃபாஸ், டபிள்யூ.இ.எஸ். எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருந்தால், இரண்டும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரம் ஒன்று கையில் இருக்கட்டும்.

முதுகலைச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வான ஜி.ஆர்.இ.யைப் பல எம்.பி.எச். திட்டங்கள் கைவிட்டுவிட்டன, உயிர்ப்புள்ளியியல் பிரிவுகள் சில இன்னும் கேட்கின்றன. 2023 செப்டம்பர் முதல் அது இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான தேர்வு. மதிப்பெண் ஐந்தாண்டு செல்லும். ஆங்கிலத் தேர்வுகளான டோஃபலும் ஐ.இ.எல்.டி.எஸ்.ஸும் இரண்டாண்டுதான் செல்லும் என்பதால் அவற்றை ரொம்ப முன்கூட்டியே எழுத வேண்டாம்.

நோக்க அறிக்கை

விண்ணப்பத்தில் முழுக்க உங்கள் கையில் இருப்பது இது ஒன்றுதான். மதிப்பெண் முடிந்துபோன கதை. இதற்குச் செலவிடும் உழைப்பு வீண்போகாது.

பெரும்பாலான அறிக்கைகள் ‘சிறுவயதிலிருந்தே மக்களுக்குச் சேவை செய்ய ஆசை’ என்று தொடங்கி, அரைப் பக்கத்தில் கல்லூரியைப் புகழ்ந்து முடியும். தேர்வுக் குழு இதில் எதையும் பிடித்துக்கொள்ள முடியாது. குழு தேடுவது மூன்று: இவர் எந்தச் சிக்கலை நேரில் பார்த்திருக்கிறார், அதைப் பற்றிச் சரியான கேள்வி கேட்கத் தெரிகிறதா, அந்தக் கேள்விக்கு விடை தேட எங்கள் படிப்பில் எந்தப் பகுதி தேவை என்று தெரிந்திருக்கிறதா.

நம் மாணவி எப்படி எழுதலாம் என்று பாருங்கள். முதல் பத்தி: தர்மபுரி முகாம்களில் பார்த்த பற்கறை, அதைக் கறையின் தீவிரத்தை அளக்கும் டீன் குறியீட்டின்படி பதிவு செய்தது, அதே வகுப்பில் ஒரே தெருவிலிருந்து வந்த பிள்ளைகளிடையே கூட வித்தியாசம் தெரிந்தது. இரண்டாவது பத்தி: குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை என்று இந்தியத் தர அமைவனம் சொல்கிறது. கூட்டுக் குடிநீர் வந்த பிறகும் சில வீடுகள் ஏன் ஆழ்துளைத் தண்ணீரைக் குடிக்கின்றன, சுவையா, குழாயில் தண்ணீர் வரும் நேரமா, தெரியாமையா என்ற கேள்வி. மூன்றாவது: இதற்கு விடை தேடத் தன்னிடம் இல்லாதவை. மாதிரி எடுக்கும் முறை, பன்மாறிப் பகுப்பாய்வு, குடும்பங்களிடம் நேர்காணல் நடத்தும் பயிற்சி. நான்காவது: அந்தக் கல்லூரியில் இவற்றைத் தரும் பாடங்களின் பெயர், களப்பயிற்சி எங்கே செய்ய எண்ணம். இதில் எங்குமே ‘சேவை’ என்ற சொல் வரவில்லை. ஆனால் அக்கறை எல்லா வரியிலும் தெரிகிறது.

நான்காவது பத்தியைத்தான் கல்லூரிக்குக் கல்லூரி மாற்றி எழுத வேண்டும். மற்றவை அப்படியே இருக்கலாம். இணையத்தில் கிடைக்கும் மாதிரி அறிக்கையையோ ஏஜென்ட் எழுதித் தருவதையோ அனுப்பாதீர்கள். ஒரே ஏஜென்ட் பத்துப் பேருக்கு எழுதிய அறிக்கைகள் ஒரே மேசையில் வந்து விழும்.

பரிந்துரைக் கடிதம் இரண்டோ மூன்றோ கேட்பார்கள். பெரிய பதவியில் உள்ளவரின் பொதுவான கடிதத்தைவிட, உங்களோடு முகாமில் நின்று வேலை பார்த்த உதவிப் பேராசிரியரின் கடிதம் எடை கூடியது. அவரிடம் கேட்கும்போதே உங்கள் நோக்க அறிக்கையையும், சேர்ந்து செய்த வேலைகளின் பட்டியலையும் கொடுங்கள். ‘நீயே எழுதிட்டு வாம்மா, கையெழுத்துப் போடறேன்’ என்று சொல்லும் வழக்கம் நம் கல்லூரிகளில் உண்டு. கடிதம் ஆன்லைனில் அவருடைய மின்னஞ்சல் வழியாகவே போக வேண்டும் என்பதையும், அவர் சொற்களில் இருந்தால்தான் பயன் என்பதையும் மரியாதையாக எடுத்துச் சொல்லிவிடுங்கள். கடைசித் தேதிக்கு ஆறு வாரம் முன்பே கேளுங்கள்.

இடம் கிடைத்த பிறகு

அமெரிக்கா செல்பவர்கள் பார்க்க வேண்டிய முக்கியமான எண், மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் உள்ள படிப்புக் குறியீடு. பொதுவான எம்.பி.எச்.க்கு 51.2201. இது அமெரிக்க அரசின் அறிவியல் - தொழில்நுட்பப் பட்டியலில் இல்லை. படித்து முடித்ததும் 12 மாதப் பணி அனுமதி மட்டுமே கிடைக்கும். நோய்ப்பரவலியல் 26.1309, உயிர்ப்புள்ளியியல் 26.1102 இரண்டும் பட்டியலில் உள்ளவை. மேலும் 24 மாத நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கலாம். சுவரில் மாட்டும் பட்டம் இரண்டுக்கும் எம்.பி.எச்.தான். கடனை அடைக்கக் கிடைக்கும் காலம் மூன்று மடங்கு வித்தியாசப்படும். எந்தச் சிறப்புப் பிரிவுக்கு எந்தக் குறியீடு என்று கல்லூரிக்கு எழுதிக் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிவிட்டுத்தான் பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கோடைக் களப்பயிற்சிக்கு வெளி நிறுவனம் சம்பளம் தருகிறது என்றால், கல்லூரியின் சர்வதேச அலுவலகம் சி.பி.டி. எனும், படிக்கும்போதே வேலை செய்வதற்கான அனுமதியை ஐ-20-இல் பதிந்த பிறகே முதல் நாள் வேலைக்குப் போக வேண்டும். முழுநேர சி.பி.டி. 12 மாதத்தை எட்டினால் அந்தப் பட்டத்துக்கான பிந்தைய பணி அனுமதியே போய்விடும்.

ஆய்வேடு: முதல் செமஸ்டரிலேயே தொடங்குங்கள்

இந்தியாவில் படித்தாலும் வெளியே படித்தாலும், நேரம் போதாமல் போவது இதில்தான். தரவு சேகரிப்பதற்குத் தாமதமாவதில்லை. அதற்கு முன்னால் வரும் அனுமதிகளுக்குத்தான் தாமதமாகிறது.

மாதிரி அளவில் தொடங்குவோம். பரவலைக் கணக்கிடும் ஆய்வுக்கு நம் கல்லூரிகளில் எல்லோரும் பயன்படுத்தும் சூத்திரம் 4pq/L². p என்பது எதிர்பார்க்கும் பரவல், q என்பது 100-லிருந்து அதைக் கழித்தது, L என்பது ஏற்கும் பிழை. பற்கறை 30 சதவீதம் இருக்கலாம், பிழை 5 சதவீதப் புள்ளி என்றால்: 4 × 30 × 70 ÷ 25 = 336. இங்கேயே நிறுத்திவிடுபவர்கள் பலர். பிள்ளைகளைத் தனித்தனியாக அல்ல, பள்ளி பள்ளியாக எடுக்கிறோம். ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒரே தண்ணீரைக் குடிப்பதால் ஒருவருக்கொருவர் ஒத்திருப்பார்கள். அதற்கு ஈடாக இரண்டால் பெருக்கினால் 672. பத்துச் சதவீதம் பேர் வராமல் போவார்கள் என்றால் 672-ஐ 0.9-ஆல் வகுக்க வேண்டும்: 747. பத்துச் சதவீதத்தைக் கூட்டினால் 739 வரும், அது குறைவு. இது பரவலைச் சொல்வதற்கான அளவு மட்டுமே. இரண்டு வகைத் தண்ணீரை ஒப்பிடுவதே முதல் நோக்கம் என்றால் வேறு சூத்திரம் வேண்டும். நோக்கத்தில் ஒன்றும் மாதிரி அளவில் வேறொன்றும் எழுதிய ஆய்வுமுன்வரைவை நெறிமுறைக் குழு திருப்பி அனுப்பும்.

அடுத்து நெறிமுறைக் குழு. சுகாதார ஆய்வுகளைப் பார்க்கும் குழு மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பது 2019-ஆம் ஆண்டு விதிகளில் உள்ளது. ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதலின்படி, பெற்றோரின் சம்மதத்தோடு 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளின் வாய்மொழி ஒப்புதலும், அதற்கு மேல் 18 வரை உள்ளவர்களின் எழுத்து ஒப்புதலும் தேவை. தமிழில் எழுதிய தகவல் தாளைப் பெற்றோர் இருவரிடம் படிக்கக் கொடுத்துப் பாருங்கள். மூன்றாவது வரியில் அவர்கள் நின்றால் அந்த வரி மாற வேண்டும். பள்ளிகளுக்கு முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதிக் கடிதம் வேண்டும். பொதுத் தேர்வு, காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளைக் கழித்துவிட்டால் ஓராண்டில் பள்ளிக்குள் வேலை செய்யக் கிடைக்கும் வாரங்கள் குறைவு.

வெளிநாட்டுப் பல்கலைக்கழக மாணவர் இந்தியாவில் தரவு எடுக்க நினைத்தால் இன்னொரு வாசல் உண்டு. வெளிநாட்டு நிதியோ கூட்டுறவோ உள்ள சுகாதார ஆய்வுகள் ஐ.சி.எம்.ஆர். வழியாகச் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவுக்குப் போக வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஓராண்டுப் படிப்பில் அது நடக்காத காரியம். அப்படிப்பட்டவர்கள் ஏற்கெனவே உள்ள தரவைப் பயன்படுத்தும் தலைப்பை எடுப்பதே நல்லது.

களத்துக்குப் போகும் முன் காலி அட்டவணைகளை வரைந்துவிடுங்கள்: எண்கள் இல்லாமல், தலைப்புகளும் கட்டங்களும் மட்டும். நம் மாணவியின் முதல் அட்டவணையில் ‘தற்போதைய குடிநீர்’ என்ற நெடுவரிசை இருக்கும். வரைந்து முடித்ததும், ‘பிறந்தது முதல் எட்டு வயது வரை குடித்த நீர்’ என்ற நெடுவரிசைக்குப் படிவத்தில் கேள்வியே இல்லை என்பது தெரியும். 747 பேரைப் பார்த்து முடித்த பிறகு தெரிந்தால் அதற்கு மருந்தில்லை. படிவத்தை முதலில் இருபது பிள்ளைகளிடம் முன்னோட்டம் பாருங்கள். அந்த இருபதை இறுதிக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பற்களைப் பார்ப்பவர் இருவர் என்றால், ஒரே பிள்ளைகளைத் தனித்தனியே பார்க்கச் சொல்லி, இருவருக்கும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கப்பா அளவால் சரிபாருங்கள். கறையில் ‘சந்தேகத்துக்குரியது’, ‘மிக லேசானது’ என்ற இரண்டு படிகளுக்கு இடையில்தான் கருத்து வேறுபாடு அதிகம் வரும்.

படிவத்தைத் தாளில் அடிக்காமல் கோபோ டூல்பாக்ஸ் போன்ற இலவசச் செயலியில் ஏற்றினால், வயது 8 என்று போட வேண்டிய இடத்தில் 80 போடுவது அங்கேயே தடுக்கப்படும். பகுப்பாய்வுக்கு ஆர் என்ற மென்பொருள், அதுவும் இலவசம். பிள்ளையின் பெயர் இருக்கும் பட்டியலைத் தனிக் கோப்பில் கடவுச்சொல்லோடு வைத்து, பகுப்பாய்வுக் கோப்பில் எண் மட்டும் இருக்கட்டும். தண்ணீர் மாதிரிகளில் 1.5-ஐத் தாண்டியவற்றின் விவரத்தை ஊராட்சிக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் எழுத்தில் கொடுப்பதை ஆய்வுமுன்வரைவிலேயே ஒரு வேலையாகச் சேர்த்து, அதற்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.